மகளை வேலைக்கு விடப் போனேன்

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியதும் ஷீபா என் கையிலிருந்த பெரிய பையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ சும்மா வாம்மா, நான் தூக்குதேன்." ஊரில் ரயில் ஏறும்போது அதே பையைத் தூக்க முடியாமல் அப்பாவைக் கூப்பிட்டவள்தான். வேலை கிடைத்ததும் கைக்கு வலு வந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷீபா என் ஒரே மகள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹைதராபாத்தில் ஜீடிமெட்லா என்ற இடத்தில் ஒரு மருந்து கம்பெனியில், மருந்தின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் ட்ரெய்னி வேலை. அவளை அங்கே விட்டுவிட்டு வருவதுதான் என் பயணத்தின் நோக்கம். அவள் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. கோடையில் தோட்டத்து மோட்டார்களெல்லாம் புகைந்துபோய் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். அவரால் அசைய முடியாது. நான் தபால் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஹைதராபாத் என்று முகவரி எழுதிய எத்தனையோ கவர்களில் முத்திரை குத்தியிருக்கிறேன். ஆனால் சென்னையைத் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை.

குஷாய்குடாவில் என் பெரியம்மா மகள் எஸ்தர் அக்கா இருக்கிறாள். அத்தான் அங்கே பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்காவுக்கு இதுதான் ஊர். கதவைத் திறந்ததும் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "கைக்குடி இவ்வளவு சாமான்? இங்க என்ன கடை கண்ணியே இல்லையா?" என்றாள். கைக்கு என்றால் இந்த ஊர் இந்தியில் எதற்கு என்று அர்த்தமாம். நான் கடலை மிட்டாய் பாக்கெட்டுகளை எடுத்து வைத்ததும் அந்தக் கேள்வியை அவளே மறந்துவிட்டாள்.

அக்கா மகள் நிம்மி பி.டெக். படித்தவள், ஷீபாவைவிட ஒரு வயது பெரியவள். "எப்படி இருக்க நிம்மி?" என்று கேட்டேன். "பாகுன்னானு சித்தி," என்று சிரித்தாள். தமிழில் என்ன கேட்டாலும் புரிந்துகொள்கிறாள். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ வருகிறது. சித்தி என்ற ஒரு சொல்தான் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த தமிழ்.

மத்தியானம் அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். தேங்காய் அரைத்த நம் ஊர்க் குழம்புதான். ஆனால் புளியும் காரமும் ஒரு கை கூடியிருந்தது. "அத்தானுக்கு இப்பிடி இருந்தாத்தான் எறங்குது," என்றாள். ஷீபா தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாள். வெயில் மட்டும் எங்கள் ஊருக்குக் கொஞ்சமும் குறையவில்லை. எங்கள் ஊரில் சாயங்காலம் ஒரு காற்று வரும். இங்கே அதற்குப் பதிலாக ஏர்கூலரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மறுநாள் ஞாயிறு. அத்தானோடு ஹாஸ்டல் தேடப் போனோம். கம்பெனிக்குப் பக்கத்தில் ஷாபூர் நகரில் தெருவுக்கு இரண்டு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்றில் ஏதோ ஒரு நெடி. நான் முந்தானையை மூக்கில் வைத்தேன். ஷீபா நின்று, கண்ணை மூடி, நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"எங்க காலேஜ் லேப் வாசம்மா," என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மல்லிகைப் பூவைக் கொடுத்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவதாகப் பார்த்த ஹாஸ்டல் எனக்குப் பிடித்தது. காரணம் அறை இல்லை, அடுப்படி. அந்த அம்மா என்னை உள்ளே விட்டு, மூடியைத் திறந்து காட்டினார். கோங்குரா போட்ட பருப்பு. அவர்கள் பப்பு என்கிறார்கள். நம் புளிச்சகீரைதான். ஒரு கரண்டி கையில் ஊற்றினார். நாக்கு சுள்ளென்றது. நல்ல மனசோடு சமைத்த ருசியும் இருந்தது. அறையில் ஸ்ரீகாகுளம் பெண் ஒருத்தி, ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி. ஒடிசாப் பெண் கட்டிலில் குப்புறப் படுத்துப் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள், சாப்பிட்டேன் என்று இவள் பொய் சொல்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புதன்கிழமை காலையில் வந்து சேர்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை வேலையில் சேரும் நாள். அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். நாங்கள் இருவரும் தனியாகவே கிளம்பினோம். எஸ்தர் அக்கா ஜெபம் பண்ணி அனுப்பினாள். ஆட்டோக்காரர் வயதானவர், பொறுமையாக ஓட்டினார். ஷீபா வழியெல்லாம் சான்றிதழ்களை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். முந்தின நாள் வந்த வழிதானா என்று இருவருமே கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு கோயிலும் எருமை மாடுகளும் இருந்த தெருவில் ஆட்டோ நின்றது. கம்பெனியைக் காணோம்.

"ஜீடிமெட்லா?" என்று கேட்டேன்.

"ஹவ். ஜீடிமெட்லா," என்று தலையாட்டினார்.

ஷீபா தன் இந்தியை எல்லாம் திரட்டி, கம்பெனி, ஃபாக்டரி என்றாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது எங்களுக்குப் புரிந்தவரை இதுதான்: ஜீடிமெட்லா என்றீர்கள், ஜீடிமெட்லாவுக்குக் கொண்டுவந்தேன். கம்பெனிகள் இருக்கிற ஜீடிமெட்லா வேறே இடம் தாயி, அதை முதலிலேயே சொல்லவேண்டாமா? ஒரே பேரில் இரண்டு இடம் வைத்திருக்கிற ஊரை நான் என்ன சொல்ல! ஷீபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முதல் நாளே லேட். அவர் மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்பினார். பொறுமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. லாரிகளுக்கு நடுவே அவர் நுழைந்து ஓட்டிய ஓட்டத்தில் நான் கர்த்தரையே கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். கேட்டில் இறக்கிவிட்டு, ஷீபாவின் தலையில் கை வைக்கிற மாதிரி காற்றிலேயே கையை வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே போன ஷீபா சற்று நேரத்தில் திரும்ப ஓடிவந்தாள். "நகை ஒண்ணும் போடக்கூடாதாம்மா. மருந்துல விழுந்திருமாம். போனும் உள்ள கொண்டுபோகக்கூடாது." கம்மல், செயின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். போனையும் கொடுத்தாள். காது குத்திய நாளிலிருந்து அந்தக் காதுகளை நான் வெறுமையாகப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். "போய்ட்டு வாரேன்" என்று திரும்பியவள் ஓடவில்லை, நடந்து போனாள்.

நான் குஷாய்குடாவுக்குத் திரும்பியிருக்கலாம். கால் நகரவில்லை. எதிரே ஒரு டீக்கடை. நடத்துகிற பெண்ணுக்கு என் வயது இருக்கும். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "மீ அம்மாயா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைப் பக்கம் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். ஐயோ, என் மகளையா அப்படிக் கேட்கிறாள், இல்லை என்னையா என்று குழம்பி, "இல்ல இல்ல, மக, மக" என்றேன். அவள் "ஆ, கூத்துரு" என்று தலையாட்டினாள். தெலுங்கில் அம்மாயி என்றால் பெண் பிள்ளை, கூத்துரு என்றால் மகள் என்று சாயங்காலம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நாங்கள் இருவரும் அவரவர் பாஷையில் பேசிக் கொஞ்சம் சிநேகமாகிவிட்டோம். மத்தியானம் மிளகாய் பஜ்ஜி போட்டாள். முழுப் பச்சைமிளகாயை அப்படியே மாவில் முக்கிப் போடுகிறார்கள். நம் ஊரில் மிளகாய் பஜ்ஜி என்றால் காரமில்லாத பெரிய மிளகாய். இங்கே அந்தச் சலுகை கிடையாது. நான் அழுததற்கு மிளகாய் ஒரு காரணம்.

ஷிஃப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வந்தவர்களில் ஷீபா கடைசியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"என்ன பிள்ள?"

"பாட்டில் கழுவச் சொல்லுதாங்கம்மா."

சோதனைக்கூடத்தில் பயன்படுத்திய குடுவை, பிப்பெட், பீக்கர் எல்லாவற்றையும் கழுவுவதற்கென்று ஒரு அறையாம். புதிதாகச் சேர்கிற ட்ரெய்னிகள் முதல் மூன்று மாதம் அங்கேதானாம். பக்கத்து அறையில், அவள் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்த மிஷின்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் கண்ணாடிச் சுவர்.

"அந்தப் பக்கம் மிஷின், இந்தப் பக்கம் சிங்க். வீட்டுல என்னைக்காவது ஒரு டம்ளர் கழுவ விட்டுருக்கியாம்மா நீ? படி படின்னுதான சொன்ன?" என்று அழுதுவிட்டாள். கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "நான் உங்கூடயே ஊருக்கு வந்துருதேன்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் என் மனசு குளிர்ந்துவிட்டது. பிள்ளை வந்துவிடுவாள். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கூட்டிட்டு வந்துரு. நம்ம பிள்ளைக்கு இங்க என்ன கொற?"

வீட்டுக்கு வந்து அத்தானிடம் நான் திரும்பும் புதன்கிழமை ரயிலில் இன்னொரு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். ஷீபா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது நிம்மியின் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹோட்டல் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற ஒரு கம்பெனிக்கு, கோபமாகப் போன் பண்ணுகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். விண்ணப்பத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதியிருந்ததால், முந்தின வாரத்திலிருந்து தமிழ்நாட்டு அழைப்புகளை அவள் தலையில் கட்டிவிட்டார்களாம்.

"சார், நீ கோபம் ஆகாதே. நீ கொஞ்சம் நில்லு சார்..." என்று கெஞ்சினாள். அந்தப் பக்கம் ஏதோ கத்தல். நிம்மி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. மரியாதை தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்களாம். ஒரு வாரத்துக்குள் இது எத்தனையாவது தடவையோ. இப்படியே போனால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். பி.டெக். முடித்து, அமீர்பேட்டை கோச்சிங் சென்டர்களில் ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்த வேலை இது.

ஷீபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க 'நீ'ன்னு சொல்லுதீங்க. அதான் அவுங்களுக்குக் கோவம்."

நிம்மி விழித்தாள். "அம்மா என்கிட்ட நீ-தான சொல்றா?" எங்களிடம் அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. வீட்டில் எல்லாரும் அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மரியாதைத் தமிழை அவள் எங்கே கேட்டிருப்பாள்?

"சரி, என்கிட்ட பேசிப் பாருங்க. நான்தான் கஸ்டமர்." ஷீபா கையைக் காதில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் டீக்கடைப் பெரியவர் ஒருவரின் குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "ஏம்மா, நான் பிரியாணி சொல்லி எம்புட்டு நேரமாச்சு? எவன்ட்ட கொண்டுபோய்க் குடுத்தீய? எம் பிள்ளைகளெல்லாம் பசியில கெடக்குதுவ!"

"சார், நீ... நீங்கள் கோபம்..."

"கோவப்படாதீங்க."

"நீங்க கோவப்படாதீங்க சார். நான் இப்போ பாக்கறேன்."

"என்னத்தப் பாக்கப் போற? சட்டில ஒண்ணுமில்ல!"

நிம்மி சிரித்துவிட்டாள். ஷீபாவும் சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். ஷீபா ஒருதரம் பாதி தூக்கத்தில் பேசும் கிழவரானாள், ஒருதரம் சாம்பார் கொட்டிய வீட்டம்மாவானாள். எஸ்தர் அக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். "நான் இத்தன வருஷம் கத்துக் குடுத்து வரலடி. பாரு, எம் பொண்ணு தமிழ் பேசுது," என்று என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. கடைசியில் நிம்மி ஒரு தடுமாற்றமும் இல்லாமல், "மன்னிச்சுக்கோங்கம்மா, உங்க சாப்பாடு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும்," என்று சொல்லி முடித்தபோது அத்தான்கூடக் கை தட்டினார்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "டிக்கெட் இருக்கு, போடட்டுமா?" என்று கேட்டார்.

ஷீபா என்னைப் பார்க்கவில்லை. "வேண்டாம் பெரியப்பா. நாளைக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

என் வாயில் வார்த்தை இருந்தது. தெருமுனைப் பள்ளிக்கூடம் இருந்தது, அவள் அப்பா சொன்னது இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தனியாகவே போனாள். கம்மலைத் தானே கழற்றி அக்காவின் பீரோவில் வைத்துவிட்டாள். "நீ வராதம்மா. அங்க எல்லாரும் தனியாத்தான் வாராங்க." பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட விடவில்லை. மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். தெரு திரும்பும் இடத்தில் ஒரு எருமை வழி மறித்தது. கொஞ்சம் தயங்கி நின்றாள், சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு எஸ்தர் அக்கா வீட்டில் ஆவக்காய் போட்டார்கள். நம் ஊரில் மாங்காய் ஊறுகாய் என்றால் சின்னச் சின்னதாக நறுக்குவோம். இங்கே கொட்டையின் ஓட்டோடு சேர்த்துக் கடையிலேயே வெட்டி வாங்கி வருகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் கெட்டுவிடும். மத்தியானம் முழுக்கத் துடைத்தேன். கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு அக்கா கையாலேயே பிசைந்தாள். "போதும்டி, நக்கோ, தோலே தேஞ்சிரும்," என்று என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். நக்கோ என்றால் இங்கே வேண்டாம் என்று அர்த்தமாம். எனக்குக் கை சும்மா இருந்தால் மனசு கம்பெனி கேட்டுக்குப் போய்விடுகிறது. போன் உள்ளே கிடையாது. சாப்பிட்டாளா, அழுதாளா, எப்படித் தெரியும்?

அன்று ஷீபா வந்த நேரத்துக்கு இருட்டத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "பசிக்கும்மா."

சுடுசோற்றில் நெய்யும் புது ஆவக்காயும் போட்டு அக்கா பிசைந்து கொடுத்தாள். புது ஊறுகாயில் காரம் அடங்கியிருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். கழுவுகிற அறையில் நான்கு பேராம், நான்கு பேரும் எம்.எஸ்சி.யாம். மேற்பார்க்கும் ஸ்வப்னா மேடம் இவளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராம். "அவுங்களும் அதே சிங்க்லதான் ஆரம்பிச்சாங்களாம்மா. முத வாரம் பாத்ரூம்ல போய் அழுதாங்களாம். நீ எங்க அழுதன்னு என்கிட்ட கேட்டாங்க. கேட்லன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாத்ரூம் பரவால்ல, கேட்ல செக்யூரிட்டி பாப்பாருன்னாங்க."

சிரித்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு கையை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "குடுவை சுத்தமா இருந்தா உள்ள தண்ணி ஒரே படலமா வழியும்மா. அழுக்கு இருந்தா அங்கங்க முத்து முத்தா நிக்கும். காலேஜ்ல பரீட்சைக்கு எழுதியிருக்கேன், ஆனா ஒரு தடவகூட நின்னு பாத்ததில்ல. இன்னைக்கு நான் கழுவுனது அம்புட்டும் ஒரே படலமா வழிஞ்சுது. மேடம் ஒண்ணையும் திருப்பி அனுப்பல."

நிம்மி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்கம்மா, கொஞ்சம் சத்தம் கம்மியா பேசுங்க, கால்ல இருக்கேன்," என்றாள். தமிழில்தான்.

அவள் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "எத்தன டிக்கெட்?" என்றார். "ஒண்ணுதான்," என்றேன். கடையில் யாரிடமோ மோட்டாரை ஓரமாக வைக்கச் சொன்னார். பிறகு, "வாயக் கட்டி சாப்பிடாம இருப்பா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு," என்றார்.

புதன்கிழமை காலையில் ஹாஸ்டலில் பைகளை வைத்தோம். அக்கா ஒரு பாட்டில் ஆவக்காய் கொடுத்திருந்தாள். ஒடிசாப் பெண் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு ஷீபாவைத் தன் கட்டிலில் உட்காரச் சொன்னாள். நான் போர்வையை விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். ஷீபா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ம்மா, நேரமாச்சு."

தெருவில் நின்று அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். "அப்பாட்ட சொல்லு, நான் சாப்பிட்டுருவேன்னு," என்றாள். என் சாயங்கால ரயிலுக்கு வழியனுப்ப அவளால் வர முடியாது. ஷிஃப்ட் முடியாது. அந்த அறையிலிருந்த பெண்கள் மூன்று பேரும் ஒன்றாக வேலைக்கு நடந்தார்கள். ஸ்ரீகாகுளம் பெண் ஏதோ சொல்ல, ஷீபா குனிந்து சிரித்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிருந்தால் அதைவிட வருத்தப்பட்டிருப்பேன்.

சாயங்காலம் அத்தான் ரயிலேற்றிவிட்டார். மௌலா அலி குன்று ஜன்னலில் வந்து பின்னால் போனது. எதிர் சீட்டில் காட்பாடிக்குப் போகிற ஒரு அம்மா. மகன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம்.

"ஹைதராபாத்துக்குத் தனியாவா வந்தீங்க?"

"மககூட வந்தேன்."

"பொண்ணு ஸ்டேஷனுக்கு வரலையா?"

"அவ வேலைக்குப் போயிருக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளிக்கூடம் போயிருக்கா, டியூஷன் போயிருக்கா, காலேஜ் போயிருக்கா என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ வருஷம் சொல்லியிருக்கிறேன். இந்த வாக்கியத்தை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

"என்ன வேலை?"

மருந்து கம்பெனியில் கெமிஸ்ட் என்று சொல்லலாம். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"மருந்த சோதிச்சுப் பாக்குற குடுவையெல்லாம் கழுவுதா," என்றேன். "எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவ கழுவுனா தண்ணி ஒரே படலமா வழியும்."

அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தையே பார்த்தார். பிறகு மடியிலிருந்த புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை இலையோடு கிழித்து என் பக்கம் நகர்த்தினார்.